துணியை வெட்டச் சொல்வதற்கு முன்னால், திருப்பூர் முதலாளிகளுக்கு

திருப்பூரில் சிறு பனியன் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

பதினாறு வருடமாகக் கட்டிங் டேபிளுக்கும் ஆபீஸ் ரூமுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் மெர்ச்சண்டைசர் நான், ஆர்டரை எடுத்ததிலிருந்து ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்கிற ஆள். உங்களில் பலர் கைமடிப்பில் ஆரம்பித்து, டெய்லராகி, நாலு மிஷின் போட்டு வளர்ந்தவர்கள். உங்களுக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாள் முழுக்க ஃபோனிலேயே முடிவு எடுக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒருநாள் ராத்திரி எட்டரைக்கு, சாயம் போட்ட துணியைச் சூட்டில் அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங்கிலிருந்து துணி வந்தது. கருநீல சிங்கிள் ஜெர்சி, அதாவது டி-ஷர்ட் தைக்கிற மெல்லிய பின்னல் துணி, ரோலைத் தொட்டால் சூடுகூட ஆறவில்லை. "பிரிச்சுப் போட்டு ராத்திரி முழுக்க விடணும், காலையில வெட்டிக்கலாம்" என்றார் கட்டிங் மாஸ்டர். முதலாளி ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "ஷிப்மெண்ட் நிக்காதுப்பா, வெட்டச் சொல்லு" என்று அரை நிமிடத்தில் ஃபோனை வைத்துவிட்டார். வெட்டினோம். தைத்து, வாஷ் போய் வந்தபோது உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் குறைவு. இழுத்துச் சுற்றிய பின்னல் துணி தளர நேரம் வேண்டும், வெட்டிய பிறகு தளர்ந்தால் பீஸ்தான் சுருங்கும். மூவாயிரம் பீஸும் வந்த விலைக்கு, மிச்சச் சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போயின. அதற்கப்புறம் அந்த மாஸ்டர் எதற்கும் வாய் திறப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

ரேட் விஷயமும் இப்படித்தான். மில்கள் மாதப் பிறப்பில் நூல் விலையை அறிவிக்கும் என்று தெரிந்தும், 28ஆம் தேதி பையர் கேட்ட ரேட்டுக்கு நூலை புக் பண்ணாமலே சரி சொல்லிவிடுகிறோம். நூல் விலையைக் குறைக்கச் சொல்லி 2022 மே மாதம் இரண்டு நாள் கம்பெனிகளைப் பூட்டினோம், நியாயமான போராட்டம்தான், ஆனால் கணக்குப் போடாமல் ரேட் கொடுத்தது நம் கை.

இன்னொரு பக்கம், ஓவர்லாக் தையல் மிஷினுக்கு ஊசி வாங்கவும் அட்டைப்பெட்டி சொல்லவும்கூட உங்கள் ஃபோனுக்காக லைன் காத்துக் கிடக்கிறது. அதையெல்லாம் சூப்பர்வைசரிடம் விட்டுவிடுங்கள், தப்பானாலும் நாளைக்குச் சரிபண்ணிக்கொள்ளலாம். வெட்டு, சாயம், ரேட் இந்த மூன்றும் திரும்பி வராதவை. இவற்றுக்கு மட்டும் பத்து நிமிடம் உட்காருங்கள், யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள், மாஸ்டர் வேண்டாம் என்றால் அன்றைக்குக் கட்டிங் நிற்கட்டும்.

அடுத்த தடவை துணி வந்துவிட்டது என்று நான் ஃபோன் பண்ணும்போது, "மாஸ்டர்கிட்ட குடு" என்று சொல்லுங்கள்.