பேரணிக்கு முந்தின நாள் பிரேக்கைப் பாருங்கள் ஐயா

மிதிவண்டிப் பேரணி நடத்தும் அதிகாரிகளுக்கும், பிள்ளைகளை அதற்கு அனுப்பி வைக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பென்னாகரம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். போன பேரணியில் ஒரு பையன் விழுந்து கை உடைந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் சிலர் ஜீப்பில் பின்னாலேயே வந்தீர்கள். ஒகேனக்கல் இறக்கத்தில் எந்த வளைவு, எந்தப் பிள்ளை, எந்தக் கை உடைந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அலுவலகத்தின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எழுதி யாரையும் சந்தியில் நிறுத்தும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் மறுநாள் என் கடைக்குத்தான் வந்தது. அடுத்த பேரணிக்குத் தேதி குறித்தாகிவிட்டது, டி-சர்ட் சைஸ் கேட்டு வகுப்பு வகுப்பாகத் தாள் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

"பையன் வேகமாகப் போய்விட்டான்" என்று பேசிக்கொள்கிறீர்களாம். அவன் வேகமாகப் போகவில்லை ஐயா. அவனால் நிறுத்த முடியவில்லை. பின் சக்கரத்து பிரேக் கட்டை இரண்டிலும் ரப்பர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கட்டையைப் பிடித்திருக்கும் இரும்புக் கூடு ரிம்மில் உரசி உரசிச் சுற்றிலும் கோடு போட்டிருந்தது. முன் பிரேக் லீவரை அழுத்தினால் லீவர் போய்க் கைப்பிடியில் முட்டுகிறது, கட்டை ரிம்மைத் தொடவே இல்லை. நட்டு லூஸ். கட்டை மாற்றி, நட்டை முடுக்கிக் கொடுக்க எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அதற்கு ஆகும் காசு உங்கள் பேனரின் ஒரு முழத்துக்குக்கூட வராது.

அவன் அப்பா சைக்கிளோடு பையனின் செருப்பையும் கேரியரில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வலது செருப்பு நன்றாக இருந்தது. இடது செருப்பின் குதிகால் தேய்ந்து, அந்தப் பக்கம் தரை தெரிகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. இதன் அர்த்தம் உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தால் நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். ஒரு பக்கச் செருப்பு மட்டும் தேய்ந்திருந்தால் பிரேக் செத்துப் பல நாள் ஆகிவிட்டது. காலைத் தரையில் தேய்த்துத்தான் அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடம் போய் வருகிறது. சில பையன்கள் இன்னும் ஒருபடி மேலே போய், முன் டயரின் மேல் செருப்பை வைத்து அழுத்துவார்கள். கால் கொஞ்சம் நழுவி ஃபோர்க்கில் சிக்கினால் ஆள் தலைகுப்புறத்தான் விழுவான்.

ஏன் சரி செய்யவில்லை என்று கேட்பீர்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அல்லது அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் இருப்பார்கள். வீட்டில் ஆயா மட்டும்தான். பிரேக் கட்டைக்குக் காசு கேட்டால் "மெதுவாப் போ சாமி" என்று அனுப்பிவிடும். மெதுவாகவும் போகிறார்கள். மேட்டிலும் சமதளத்திலும் அது ஒப்பேறிவிடும். ஊரிலிருந்து பள்ளிக்கூடம் வரை தெரிந்த ரோடு, தெரிந்த பள்ளம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதும் தெரியும். பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளைகளைத்தான் ஒருநாள் தொப்பி போட்டு, வரிசையில் நிறுத்தி, கொடியசைத்து, மலை இறக்கத்தில் விடுகிறீர்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் சுமார் 16 கிலோமீட்டர். அதில் காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில் மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாக ஓடும். அங்கே இறங்கித் தள்ளினால் "வரிசை கலையாதே" என்று விசில் ஊதுகிறீர்கள். செருப்பைத் தேய்த்து நிறுத்துகிற வேகமா அது?

பிரேக் சரியில்லை என்று பிள்ளைகள் சொல்லியிருக்கலாமே என்றும் ஒரு பேச்சு வருகிறது. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பெயரை அடித்துவிடுவீர்கள். டி-சர்ட் கிடைக்காது, ஒகேனக்கலில் மதியச் சாப்பாடு கிடைக்காது, கூட்டாளிகளெல்லாம் போகும்போது வகுப்பறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாறு வயசுப் பிள்ளை எது சொல்லும்?

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். பேரணிக்கு முந்தின நாள், பள்ளி மைதானத்திலேயே, ஒவ்வொரு சைக்கிளையும் வேலை தெரிந்த ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தேறாத சைக்கிளை அங்கேயே சரி செய்ய வேண்டும். சரி செய்ய முடியாவிட்டால் அந்தப் பிள்ளை அதே டி-சர்ட்டோடு வேனில் வரட்டும். பெயரை அடிக்காதீர்கள்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. முன் பிரேக்கை ஒரு தரம், பின் பிரேக்கை ஒரு தரம். வேகத்தைப் பெரும்பாலும் அடக்குவது முன் பிரேக்தான், ஆனால் இறக்கத்தில் அதை மட்டும் திடீரென்று இறுக்கினால் வண்டி கவிழும். அதனால் இரண்டும் வேலை செய்ய வேண்டும். கட்டை ரிம்மில் முழுசாகப் பதிகிறதா, டயரில் உரசுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். டயரில் உரசினால் பக்கவாட்டில் அறுத்து, டியூப் வெடித்துவிடும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் கோட்டம் இருப்பது தெரிந்துவிடும். கம்பிகளை விரலால் தட்டினால் தளர்ந்த கம்பி மட்டும் சத்தம் மாறிச் சொல்லும். முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில் பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க ஹேண்டில் மட்டும் திரும்பினால் அந்தச் சைக்கிள் கேட்டைத் தாண்டக் கூடாது. காற்று, செயின், பெடல் எல்லாம் இதற்கு அப்புறம்தான். மழை பெய்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரும்பு ரிம் நனைந்தால் புதுக் கட்டைகூடச் சட்டென்று பிடிக்காது.

"எல்லாம் அரசு கொடுத்த புது சைக்கிள்தானே" என்று ஒரு சார் என்னிடம் கேட்டார். விலையில்லா மிதிவண்டி வந்த பிறகுதான் எங்கள் மலையோரத்துப் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நிற்காமல் பதினொன்றாவதுக்கு வருகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் புதுசு என்பதாலேயே பயமில்லை என்று நினைக்காதீர்கள். புது வண்டியில்தான் ஓடிய கொஞ்ச நாளில் பிரேக் ஒயர் நீண்டு தளரும், கம்பிகள் இளகும், பெடல் தண்டை இறுக்கிப் பிடிக்க கிராங்கில் அடித்த காட்டர் பின் ஆடும். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஒரு சுற்று முடுக்க வேண்டும். அவசரத்தில் பூட்டிய வண்டிகளில் இடது பெடலும் ஒரு தொல்லை. அது எதிர் மரை, இடது பக்கம் திருப்பினால்தான் இறுகும். அது தெரியாத ஆள் வலது பெடலை இடது பக்கம் வைத்து வம்பாக முடுக்கினால் மரை போய்விடும். அப்புறம் என்றைக்காவது ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் கையோடு வந்துவிடும். இல்லை, காலோடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேரணியின் பெயர் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு. தட்டியில் "பாதுகாப்பாகப் பயணிப்போம்" என்று எழுதியிருந்தது. அந்தத் தட்டி கட்டியிருந்த சைக்கிளுக்கும் பிரேக் இல்லை என்பதை நான் கடை வாசலில் நின்றே பார்த்தேன். படம் எடுக்க டிரோன் வந்தது. மேலே இருந்து பார்த்தால் பிரேக் கட்டை தெரியாதுதான். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த லாரிக்காவது எஃப்.சி. என்று ஒரு தகுதிச் சான்று உண்டு. பிள்ளைகளின் சைக்கிளுக்கு அதுவும் கிடையாது. ரோட்டைப் பற்றியும் பேசலாம். வளைவில் ஓரத்து மண் அரித்துத் தார் விளிம்பு ஒரு சாண் பள்ளமாக நிற்பதும், பெரிய ஆள் யாராவது வருகிற வாரம் மட்டும் அதில் ஜல்லி விழுவதும்... சரி, அது வேறு மனு. அதற்கு வேறு அலுவலகம், வேறு வரிசை.

நான் கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன். மன்னிக்கவும்.

பேரணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜூன் 3 உலக மிதிவண்டி தினம் என்று ஐ.நா. சபை 2018-ல் அறிவித்தது. அப்படி ஒரு நாள் இருப்பதே எனக்கு நீங்கள் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்துத்தான் தெரியும், சந்தோஷமாகவும் இருந்தது. மோட்டார் பைக்குக்குத் தாவிவிட்ட ஊரில் சைக்கிளை ஊர்வலமாகக் கொண்டுபோவது என் பிழைப்புக்கும் நல்லதுதான். நடத்துங்கள். இறக்கத்தை விட்டுவிட்டு, தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா நினைவிடம் வரை நடத்தினால் இன்னும் நல்லது. எங்கே நடத்தினாலும் சரி, முந்தின நாள் பிரேக்கைப் பாருங்கள் ஐயா.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பென்னாகரம் சுற்று வட்டாரத்தில் இந்தத் தொழிலில் மிச்சம் இருக்கும் எங்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். முந்தின நாள் மத்தியானமே சொல்லி அனுப்பினால் ஸ்பானரும் பம்புமாக நாலைந்து பேர் மைதானத்துக்கு வந்துவிடுவோம். கூலி வேண்டாம். பிரேக் கட்டைக்கும் ஒயருக்கும் ஆகிற காசை மட்டும் பேரணிச் செலவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பேனரில் எங்கள் கடைப் பெயர் போட வேண்டாம். மைதானத்தில் வெயில் தாழ்ந்தபின் வெளிச்சம் போதாது, அதனால் மூன்று மணிக்குள் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைக்கச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பென்னாகரம் வட்டத்துச் சைக்கிள் கடைக்காரன் ஒருவன்