மாலுமியைத் தேட முதலில் கப்பலின் பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ஐஸ் ஹவுஸ் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி ஏற்றி வந்த கப்பல்களின் மாலுமிகள் தடயமின்றி மறைந்துபோனவர்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தப் பனிக்கட்டியை அனுப்பிய வணிகர் ஃபிரெடரிக் டியூடரைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய கட்டுரையில் இந்த வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் எளிய மனிதர்களுள், அமெரிக்க வணிகக் கப்பல் மாலுமியைப் போல உயரமும் நிறமும் வரை அரசு ஏடுகளில் பதிவானவர்கள் மிகச் சிலரே.

அதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்க மாலுமிகளை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றதால், 1796இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 25 சென்ட் கட்டணத்தில் சுங்க அலுவலகங்கள் அவர்களுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வழங்கின. புகைப்படம் இல்லாத காலம் என்பதால் வயது, பிறந்த ஊர், உடல் அடையாளம் ஆகியவையே ஆளைக் காட்டின. 1803ஆம் ஆண்டுச் சட்டமோ, வெளிநாடு செல்லும் ஒவ்வொரு கப்பலின் தலைவரும் மாலுமிகளின் பட்டியலைச் சுங்கத்தில் ஒப்படைத்து, அவர்களைத் திரும்ப அழைத்து வருவதற்கு 400 டாலர் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. பிணைப்பணம் போய்விடும் என்பதால் தலைவர்களும் பட்டியலில் அக்கறை காட்டினார்கள்.

ஆனாலும் இந்த ஏடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஹெர்மன் மெல்வில், 1839இல் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குச் சென்ற செயின்ட் லாரன்ஸ் என்ற வணிகக் கப்பலில் 19 வயது இளைஞராக வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பட்டியலில் அவர் பெயர் ‘நார்மன் மெல்வில்’ என்று இருக்கிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் அவர் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை என்றுதான் முடிவு செய்திருப்போம். அடுத்து அவர் ஏறிய திமிங்கில வேட்டைக் கப்பலான அகுஷ்நெட்டின் பட்டியல், உயரம் 5 அடி 9½ அங்குலம், நிறம் கருமை, தலைமுடி பழுப்பு என்று எழுதிவிட்டு, வசிப்பிடம் ஃபேர்ஹேவன் என்கிறது. அது அவர் கப்பலேறிய துறைமுகமே தவிர, குடும்பம் வாழ்ந்த ஊர் அல்ல. அங்கே போய் உறவினர்களைத் தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

குடும்பத்தைத் தேடும்போதும் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். 1832இல் மெல்வில்லின் தந்தை ஆலன் இறக்கும்வரை அக்குடும்பப் பெயரின் ஆங்கில வடிவத்தில் கடைசி ‘ஈ’ கிடையாது. அது பின்னர் சேர்ந்தது. அமெரிக்காவின் சேலம் நகரத்துக் கப்பல் தலைவரும், எழுத்தாளர் நதானியல் ஹாதார்னின் தந்தையுமானவரின் பெயரிலும் ‘டபிள்யூ’ எழுத்து இல்லை. மகன்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். அந்தத் தந்தை 1808இல் தென் அமெரிக்காவின் சுரினாமில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தபின், அவர் மனைவி எலிசபெத் மூன்று குழந்தைகளுடன் தன் பிறந்த வீடான மேனிங் குடும்பத்துக்கே திரும்பினார். அதன்பிறகு அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை அறிய வேண்டுமானால் மேனிங் குடும்பத்தின் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். கடலில் மாண்டவரின் குடும்பத்தை மனைவியின் தாய்வீட்டு வழியாகத் தேடுவதே பெரும்பாலும் பலன் தருகிறது என்பது என் கருத்து. 1850க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டதால், அதிலிருந்து மனைவி மக்களின் பெயர்களை அறிய வழியில்லை.

முதுமையில் ஆதரவற்றுப்போன மாலுமிகளுக்காக 1833இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் திறக்கப்பட்ட செய்லர்ஸ் ஸ்னக் ஹார்பர் இல்லத்தையும் தேடுவோர் மறந்துவிடக் கூடாது. மெல்வில்லின் தம்பியும் வணிகக் கப்பல் தலைவருமான தாமஸ், 1867 முதல் அந்த இல்லத்தை நிர்வகித்தார். அதன் ஆவணங்கள் இன்று நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் கல்லூரியில் உள்ளன. அமெரிக்காவின் நியூ லண்டன் துறைமுகத்தின் மாலுமிப் பட்டியல்களை மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம் இணையத்திலேயே தந்திருக்கிறது.

இந்தத் தேடல் எல்லாவற்றுக்கும் தொடக்கம் கப்பலின் பெயரும், புறப்பட்ட துறைமுகமும், தேதியும்தான். கட்டுரையாளர் சென்னைக்கு வந்த பனிக்கட்டிக் கப்பல்களைப் பற்றி மேலும் எழுதுவாரானால், தம்மிடம் உள்ள கப்பல் பெயர்களையும் அவை பாஸ்டனிலிருந்து புறப்பட்ட நாள்களையும் விடாமல் வெளியிடும்படி தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைக் கொண்டு பட்டியல்களில் தேடிப் பார்க்க என்னைப் போன்ற வாசகர்கள் ஆவலோடு இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை