பெயரில்தான் பிரவுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஆஸ்திரேலியப் பாம்புகள் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரு வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. ‘கிங் பிரவுன்’ பாம்பை, பிரவுன் பாம்புகளிலேயே பெரியது என்று போட்டிருந்தீர்கள். அது பிரவுன் பாம்பே இல்லை, கறுப்புப் பாம்புகளின் பேரினமான சூடெக்கிஸைச் சேர்ந்தது. 1842இல் இந்தப் பாம்புக்கு அறிவியல் பெயர் வைத்த ஜான் எட்வர்ட் கிரே, நம் நல்லபாம்பின் பேரினத்தில்தான் முதலில் அதைச் சேர்த்திருந்தார்.

குயின்ஸ்லாந்தின் ரோமா ஊரில் 11 வருடமாக இருக்கிறோம். இங்கே கிங் பிரவுனும் உண்டு, உண்மையான பிரவுன் பாம்பான கிழக்குப் பிரவுனும் உண்டு. போன நவம்பரில் கார் ஷெட் ஓரமாக ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவர் ஒருவரை வரவழைத்தோம். பாம்பு போய்விட்டிருந்தது. சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மேசையில் விரித்தார். நிறத்தை நம்பவே கூடாது, நடு உடம்பில் செதில் வரிசையும் இரண்டுக்கும் 17தான் என்றார். அப்புறம் வாலின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மலத்துவாரத்தை அடுத்து ஏணிப்படி மாதிரி ஒற்றைச் செதில்கள். என் மகள் விரல் வைத்து எண்ணினாள், 31 வரை ஒற்றை. அதற்குப் பிறகு நுனி வரை இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தன. கிழக்குப் பிரவுன் பாம்புக்குப் பொதுவாக வால் முழுக்கவே இரட்டைதான். ஆக, வந்து போனது கிங் பிரவுன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. இங்கே அப்படியில்லை. பிரவுன் பாம்புக்கு ஒன்று, கறுப்புப் பாம்புக்கு வேறொன்று. கிங் பிரவுன் கடித்தால் கறுப்புப் பாம்பு மருந்துதான் கொடுக்க வேண்டும். அதன் விஷம் தசைகளை அழிக்கும். கிழக்குப் பிரவுனின் விஷமோ ரத்தம் உறையும் தன்மையையே தீர்த்துவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்தும் இருக்கிறது, ஆனால் அளவு அதிகம், ஒவ்வாமை ஆபத்தும் கூடுதல். ரத்தப் பரிசோதனையும் அறிகுறிகளும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனாலும், கடிபட்டவரோ கூட இருப்பவரோ ‘பிரவுன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால், கேட்பவர் மனம் முதலில் அந்தப் பக்கம்தான் போகும். அடையாளம் பார்க்கிறேன் என்று யாரும் பாம்பின் கிட்டே போய்விடவும் வேண்டாம். கடிபட்ட கை அல்லது கால் முழுக்க இறுக்கமாகக் கட்டுத் துணி சுற்றி, அசையாமல் படுக்கவைத்து, இங்கத்திய அவசர உதவி எண்ணான 000க்கு அழைப்பதுதான் முதல் வேலை.

உங்கள் பத்திரிகையை இங்கே வேலைக்கும் படிப்புக்கும் வரும் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்கிறார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘முல்கா பாம்பு’ என்ற இன்னொரு பெயர் அதற்கு உண்டு; முல்கா என்பது இந்தப் பக்கத்து வேல மர வகை. இனி அந்தப் பெயரையே எழுதினால் குழப்பம் வராது. சட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வேண்டுமானால் வால் பகுதியைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஒரு வாசகி,
ரோமா, குயின்ஸ்லாந்து