செம்புள்ளியில் பழுதில்லை

பூம்பாறை,
தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் திங்களன்று கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. உங்களுக்கென்று மலைப்பூண்டு இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். பேரன் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

இனி உன் வருத்தத்துக்கு வருகிறேன். ரைஃபிளில் ஸ்கோப்போடு சேர்த்துப் பொருத்திய ரெட் டாட்டில், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவியில், புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்ததுபோல் இழுபட்டுத் தெரிகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதே. என் தொலைநோக்கியின் மேல் இருக்கும் செம்புள்ளியும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கைப்பேசிக் கேமராவை அதன் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துப் பார். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தால் கருவி சரி, பழுது நம் விழியில். அதிலும் ஐயம் இருந்தால் கருவியைத் தனியே கழற்றிக் கையில் பிடித்து மெல்லச் சுழற்று. வால் கருவியோடு சுழலாமல் அதே திசையில் நின்றால் அது உன் கருவிழியின் வளைவுக் கோளாறு. எனக்குக் கண் மருத்துவர் உருளை வில்லை சேர்த்த கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து புள்ளி உருண்டையாகவே தெரிகிறது. வெளிச்சத்தையும் குறைத்து வை. கூட்டி வைத்தால் நல்ல கண்ணுக்குக்கூடப் புள்ளி பூத்து இலக்கை மறைக்கும். எனக்கோ மங்கலான நட்சத்திரமே காணாமல் போய்விடும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று உன் துப்பாக்கி சுடும் மன்றத்தில் கேட்கிறார்களாமே. என் முற்றத்துக்கு ஓர் இரவு அவர்களை அழைத்து வா. என்னிடம் இருப்பது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கண்வில்லை போட்டால் 48 மடங்கு. அப்போது தெரியும் வானம் ஏறக்குறைய ஒரு பாகை அகலம், அதாவது இரண்டு முழு நிலா அளவு. நேற்று காளை விண்மீன் கூட்டத்தின் கொம்பு நுனி நட்சத்திரத்துக்கு அருகே இருக்கும் நண்டு நெபுலாவைத் தேடினேன். 1054இல் சீன வானியலாளர்கள் பார்த்துக் குறித்து வைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. வெறும் 48 மடங்கோடு தேடியிருந்தால் விடிய விடிய வானத்தைத் துழாவியிருப்பேன். இரு கண்ணும் திறந்தபடி ரோகிணியைப் பார்த்து, அங்கிருந்து கிழக்கே போய், கொம்பு நுனியில் செம்புள்ளியை வைத்தேன். கண்வில்லையில் குனிந்தபோது அந்த நட்சத்திரம் நடுவில் நின்றது. வடமேற்கே ஒரு பாகை நகர்த்தினேன். சாம்பல் திட்டு தெரிந்தது.

உன் ஸ்கோப்பிலும் இதே கணக்குத்தான். பத்து மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் மூன்று, நான்கு மீட்டர் அகலம்தான் தெரியும். கண்ணும் அதற்குரிய இடத்தில், விரல் அகலம்கூட விலகாமல் நிற்க வேண்டும். 25 மீட்டரில் இருக்கும் இலக்குத் தட்டுகளை அதில் பார்த்தால் கலங்கலாகவும் இருக்கும். செம்புள்ளிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சிறு விளக்கின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு இணைகதிராகத் திரும்பி வருவதால், தலை சற்று அசைந்தாலும் புள்ளி பெரும்பாலும் இலக்கை விட்டு நகர்வதில்லை. வெலிங்டனில் பயிற்சி எடுத்த நாளில் முன்குறியையும் பின்குறியையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்தத் திணறினாய் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! இங்கே புள்ளி, இலக்கு இரண்டுதான்.

ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை மாற்றும் ஸ்கோப் வாங்கினால் ஒரே கருவி போதும் என்று சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வளையத்தைத் திருப்ப ஒரு கை போக வேண்டும். இரண்டு கருவி இருந்தால் கண்ணை மாற்றினால் போதும். ஸ்கோப்பின் தலையில் பொருத்துவதா, பக்கவாட்டில் 45 பாகை சாய்த்துப் பொருத்துவதா என்றும் கேட்டிருந்தாய். நான் பக்கவாட்டையே சொல்வேன். தலையில் வைத்தால் கன்னத்தை ரைஃபிள் கட்டையிலிருந்து தூக்க வேண்டும். புள்ளி துப்பாக்கிக் குழலுக்கு மேலே ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், மிக அருகில் சுடும்போது குண்டு ஏறக்குறைய அந்த அளவு கீழே படும். பக்கவாட்டில் என்றால் ரைஃபிளைச் சற்றே உருட்டினால் போதும், கன்னம் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கே வைத்தாலும் ஸ்கோப்பை 100 மீட்டரில் ஜீரோ செய்த பிறகு, அதாவது குறியைக் குண்டு படும் இடத்தோடு பொருத்திய பிறகு, புள்ளியைத் தனியாக 25 மீட்டரில் செய். ஒன்றைப் பார்த்து மற்றதை ஒப்பேற்றாதே.

எனக்கு இந்த வேலை பகலில். துருவ நட்சத்திரம் இங்கிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும், மலைமுகடு மறைத்துவிடும். அதனால் தொலைவில் உள்ள கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியைக் கண்வில்லையின் நடுவில் நிறுத்தி, திருகுகளால் புள்ளியை அதன்மேல் கொண்டுவருவேன். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே மாட்டேன். 1899இல் தொடங்கிய, சூரியனை ஆராயும் கொடைக்கானல் ஆய்வகத்துக்குப் பேரனை அழைத்துப் போனபோது, வடிகட்டி இல்லாமல் குழாய் வழியே சூரியனைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு அழுத்திச் சொன்னேன்.

பொத்தான் பேட்டரி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அணைக்க மறந்து நான் இரண்டு இரவுகளை இழந்தேன். பனியும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் முதலில் படியும். பார்க்காத நேரத்தில் நான் கம்பளித் துணியால் மூடி வைக்கிறேன்.

இப்போது தெற்கே அகத்தியர் நட்சத்திரம் முகட்டுக்கு மேலே நிற்கிறது. புள்ளியை அதன்மேல் வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு ஒன்று மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது, அது போகும்வரை முற்றத்தில் இறங்க முடியாது. மாசியில் தங்கச்சியோடு வா. புதுக் கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்