“அதில் கேம் ஓடாது சார்” என்பது பழைய பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதிலிருந்து, பிள்ளைகள் கேம் ஆடும் கணினியை என்ன செய்வது என்று தெரியாமல் பெற்றோர் பலர் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் இல்லாத கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதால், கடைக்காரர்கள் புதுக் கணினி வாங்கச் சொல்கிறார்கள், அல்லது உரிமம் இல்லாத பிரதி ஒன்றை எப்படியாவது ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாமா என்று கேட்டால், “அதில் கேம் ஓடாது சார்” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

2018-க்கு முன்பு அந்தப் பதில் பெருமளவு சரிதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் மென்பொருள், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க 1993 முதல் வளர்ந்துவரும் வைன் மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு, விண்டோஸுக்கென எழுதப்பட்ட கேமின் டைரக்ட்3டி கிராஃபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளைகளாக ஓட்டத்தின்போதே மாற்றித் தருகிறது. 2022-இல் வந்த வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் லினக்ஸில்தான் இயங்குகிறது என்பதால், கேம் நிறுவனங்களும் இதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டபோது, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. என்விடியா கார்டு என்றால் அதற்குரிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் பயன்படுத்திய டி டிரைவிலிருந்தே கேமைத் திறக்கப் பார்த்ததில் அது எழும்பவே இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் சேமிக்கப்பட்டிருந்த அந்தக் கோப்புகளை லினக்ஸுக்கான இஎக்ஸ்டி4 பகுதிக்கு மாற்றிய பிறகு ஒழுங்காக ஓடியது. முதல்முறை திறக்கும்போது காட்சியை வரையும் சிறு நிரல்களான ஷேடர்களைத் தயார்செய்யச் சற்று நேரம் பிடிக்கும். அதைப் பழுது என்று நினைத்துப் பாதியில் மூடிவிடக் கூடாது.

ஆனால் பிள்ளை ஆடுவது வாலரன்ட் அல்லது ஃபோர்ட்நைட் என்றால் லினக்ஸ் பக்கமே போக வேண்டாம். ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் அவற்றின் காவல் மென்பொருள் அங்கே இயங்க அனுமதிக்கப்படவில்லை. இத்தகைய காவல் மென்பொருள்களில் ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 முதலே புரோட்டானோடு ஒத்துப்போகின்றன என்றாலும், அதைத் திறந்துவிடுவதா என்பது அந்தந்த கேம் நிறுவனத்தின் முடிவு. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்கூட 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸில் தடுக்கப்பட்டது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆடுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு.

இந்தியாவுக்கான பாஸ் லினக்ஸை உருவாக்கிய, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மையம் இயங்கும் சென்னையில், லினக்ஸ் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமிருக்க முடியாது. எனவே கணினிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் எந்த கேம் ஆடுகிறீர்கள் என்று முதலில் கேட்டு, எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் பதிவுசெய்யும் புரோட்டான்டிபி தளத்தில் அதன் நிலையைப் பார்த்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிக் காட்டிய பின், விண்டோஸ் போடுவதற்கு வாங்கும் அதே கூலியை வாங்கிக்கொண்டு நிறுவித் தரலாம். எந்தெந்த கேம்கள் ஓடும், எவை ஓடாது என்பதைத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அவ்வப்போது வெளியிட்டால், கடைக்குப் போகும் முன்பே பெற்றோர் விவரம் தெரிந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை – 11