சி ஷார்ப் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு: கிரிட்டில் வந்து நிற்கும் வேண்டாத நெடுவரிசைகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் கணினிப் பயிற்சி மையங்களிலும் சி ஷார்ப், விபி டாட்நெட் பாடங்களை நடத்தும் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இதை எழுதுகிறேன். உங்களிடம் பயின்று வந்தவர்கள் எழுதிய கடைக்கணக்கு, சரக்கு இருப்பு மென்பொருள்களைப் பராமரிப்பது என் வேலை. தரவை அட்டவணையாகத் திரையில் காட்டும் டேட்டாகிரிட்வியூவில் (சுருக்கமாக, கிரிட்) யாரும் கேட்காத நெடுவரிசைகள் வந்து நிற்பதை அவற்றில் அடிக்கடி பார்க்கிறேன். அதைவிட, வந்ததை மறைத்துவிட்டால் போதும் என்று மாணவர்கள் கற்று வருவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஒரு துணிக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். பில் போடும் திரையில் சரக்குப் பட்டியலை ஒரு கிரிட்டில் காட்டியிருந்தார்கள். தரவுத்தள அட்டவணையின் எல்லாப் புலங்களையும் வினவலில் நட்சத்திரக் குறியிட்டு எடுத்து, கிரிட்டின் தரவுமூலத்தைக் குறிக்கும் டேட்டாசோர்ஸில் கொடுத்துவிட்டு, கொள்முதல் விலை தெரியக்கூடாது என்பதற்காக அந்த நெடுவரிசையை அதன் வரிசை எண்ணால் சுட்டி, திரையில் தெரிவதா என்பதைக் குறிக்கும் விசிபிள் பண்பை மட்டும் ஃபால்ஸ் ஆக்கியிருந்தார் எழுதியவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வேறொருவர் அட்டவணையின் நடுவில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் குறியீட்டுக்கு ஒரு புலத்தைச் சேர்த்தார். எண்கள் ஒன்று தள்ளிப்போயின. மறைக்க வேண்டிய விலை வெளியே வந்தது, வேறொரு புலம் மறைந்தது. வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்த திரையில் கடைக்காரரின் அடக்கவிலை தெரிந்தபோதுதான் என்னை அழைத்தார்கள். நிரலைப் பார்த்தால், எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும் பகுதி, மறைந்தவை எவை என்று பாராமல் எல்லா நெடுவரிசைகளையும் சுற்றி எழுதிக்கொண்டிருந்தது. ஆக, அந்த விலை கோப்புகளில் தொடக்கம் முதலே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

2005-ல் டாட்நெட் 2.0-உடன் வந்த இந்த டேட்டாகிரிட்வியூவில் ஆட்டோஜெனரேட்காலம்ஸ் என்ற பண்பு இயல்பாகவே ட்ரூ ஆக இருக்கிறது. தரவுமூலத்தை இணைத்த உடனே, அதிலுள்ள ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு நெடுவரிசையை அது தானே உருவாக்கிவிடும். விஷுவல் ஸ்டூடியோவின் பண்புகள் சாளரத்தில் இந்தப் பண்பு தென்படுவதில்லை. நிரலில்தான் எழுத வேண்டும் என்பதால், ஆசிரியர் சொல்லாமல் மாணவருக்கு இது தெரியவர வழியே இல்லை. அதையும் டேட்டாசோர்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதினால் ஏற்கெனவே உருவானவை அப்படியே நிற்கும். பண்பு வேலை செய்யவில்லை என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார்.

மாணவர் வடிவமைப்பில் நான்கு நெடுவரிசைகளை அழகாகச் சேர்த்திருப்பார். ஓடவிட்டால் அந்த நான்கும் வெறுமையாக நிற்க, அவற்றின் வலப்புறம் தரவுடன் இன்னொரு தொகுதி முளைத்திருக்கும். டேட்டாப்ராப்பர்டிநேம் என்ற பண்பில் புலத்தின் பெயரைத் தராததே காரணம். நெடுவரிசைக்கும் புலத்துக்கும் இடையிலான இணைப்பு இந்தப் பண்புதான் என்று பாடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். நெடுவரிசையின் பெயரும் தலைப்பும் வேறு, இது வேறு.

எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தில், பதிவு மாறும்போதெல்லாம் தானே மாறும் ரோவெர்ஷன் வகைப் புலம் இருந்தால் விளைவு இன்னும் குழப்பமானது. எட்டு பைட் கொண்ட அந்தப் புலம் பைட் வரிசையாக வந்து சேர்வதால், கிரிட் அதைப் படம் என்று எண்ணிப் பட நெடுவரிசையை உருவாக்கும். படமாக மாற்ற முடியாமல் பிழைப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். பலர், தரவுப் பிழை நேரும்போது எழும் டேட்டாஎரர் நிகழ்வில் ஒரு வெற்றுச் செயல்முறையை எழுதிப் பெட்டியை அடக்கிவிடுகிறார்கள். அதோடு உண்மையான தரவுப் பிழைகளும் ஓசையின்றி அடங்கிவிடுகின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. அட்டவணைகளை வகுப்புகளாகக் கையாள உதவும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் பயன்படுத்தும்போது, வேறு அட்டவணையைச் சுட்டும் உறவுப் பண்புகள் தனி நெடுவரிசையாக வந்து, வகுப்பின் நீண்ட பெயரைக் காட்டுவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். திரைக்கு வேண்டிய பண்புகளை மட்டும் கொண்ட ஒரு சிறு வகுப்பை எழுதி அதை இணைத்தால் அது எழாது. அந்த வகுப்பிலும் ஒரு பண்பு கிரிட்டுக்கு வேண்டாம் என்றால், பிரௌசபிள் குறிப்பை ஃபால்ஸ் என்று அதன் தலையில் இட்டால் போதும்.

இடது ஓரத்தில் அம்புக்குறியோடு நிற்கும் சாம்பல் பட்டையை மாணவர்கள் நெடுவரிசை என்றே எண்ணுகிறார்கள். அது வரிசைத் தலைப்பு, ரோஹெடர்ஸ்விசிபிள் பண்பால் நீங்கும். டாட்நெட்டின் மற்றொரு திரை வடிவமைப்பு முறையான டபிள்யூபிஎஃப்பின் டேட்டாகிரிட்டில் வலது ஓரத்தில் தெரியும் வெற்று இடத்துக்கும் தரவோடு தொடர்பில்லை. கடைசி நெடுவரிசையின் அகலத்தை நட்சத்திரக் குறியாக்கினால் அது நிரம்பிவிடும். அங்கும் தானியங்கி உருவாக்கம் இயல்பாக உண்டு. ஆட்டோஜெனரேட்டிங்காலம் நிகழ்வில் புலத்தின் பெயரைப் பார்த்துத் தேவையற்றதை ரத்து செய்யலாம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். கிரிட் பாடத்தின் முதல் வகுப்பிலேயே ஆட்டோஜெனரேட்காலம்ஸை ஃபால்ஸ் ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள். வினவலில் நட்சத்திரக் குறிக்கு மதிப்பெண் தராதீர்கள். செய்முறைத் தேர்வில் கொள்முதல் விலையும் ரோவெர்ஷனும் உள்ள ஓர் அட்டவணையைக் கொடுத்து, மாணவர் திரையை முடித்த பிறகு, அதன் நடுவில் புதிதாக ஒரு புலத்தை நீங்களே சேர்த்து, அவர் நிரலை மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள்.

இங்ஙனம்,
சிறுகடை மென்பொருள்களைப் பராமரிக்கும் ஒரு நிரலர்