செயலாளரின் ஆண்டறிக்கை: பூங்காவுக்கு நம் பக்கம் ஒரு வாசல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும், நான்கு முறை கூடியது. மரக்கன்று நட்டோம். தெருவிளக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

இனி பூங்கா விஷயம். செயலாளர் அளக்கும் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். செசில் கோனைனென்டைக் என்ற நகர்ப்புற வனவியல் அறிஞர் 2021இல் 3-30-300 என்று ஒரு விதி சொன்னார்: வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல், 300 மீட்டருக்குள் பூங்கா. வரைபடத்தில் கோடு போட்டால் கடைசிக் கணக்கில் நாம் பாஸ். ஆனால் வாசல் இருப்பது பெரிய வீடுகள் இருக்கும் அந்தப் பக்கம், நமக்கு மதில்சுவர்தான், சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டைக் கடந்து போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கைத்தடி ஊன்றுகிறவரும் இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவரும் போகிற தூரமா இது? அதைத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அளந்தேன், நம் பக்கமும் ஒரு வாசல் வேண்டும் என்று மனுவும் கொடுத்தோம். இங்கிலாந்தில் 2008இல் வந்த ஓர் ஆய்வில், பசுமை கூடுதலாக உள்ள பகுதிகளில் இறப்பு விகிதத்தில் ஏழைக்கும் வசதியானவருக்கும் இருக்கும் இடைவெளி குறைவாக இருந்தது. சொந்தத் தோட்டம் இல்லாதவனுக்குத்தானே பொதுப் பூங்கா வேண்டும்?

அதிகாரி பார்வையிட வந்த அன்று மதிலோரம் நின்றது நான், பொருளாளர், அவருடைய பேரன். "இவ்வளவு பேர்தானா?" என்று அதிகாரி கேட்டார். நான் என்ன சொல்ல? பூங்கா மேம்பட்டால் வாடகை ஏறும் என்று ஓர் உறுப்பினர் கூட்டத்தில் சொன்னார். நியாயமான பயம், பல நகரங்களில் அப்படி நடந்திருக்கிறது, வாசலோடு வாடகை பற்றியும் பேச வேண்டும் என்றுதான் அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாகச் சேர்த்தேன். சொன்னவர் வரவில்லை.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாதிக்கு மேல் பாக்கி. வாசல் மனுவுக்கு ஜெராக்ஸ் என் காசு, அதை நான் எழுதி வைக்கவில்லை. தலைவருக்கும் செயற்குழுவுக்கும், கையெழுத்துப் போட்டவர்களுக்கும் நன்றி. அவர்களில் பலர் உறுப்பினர்கள்கூட இல்லை.

அடுத்த ஆண்டு நான் தொடர்வேனா என்று தெரியவில்லை. அதிகாரி மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். டேப்பும் ஃபைலும் என் வீட்டில் இருக்கின்றன, பொறுப்பேற்கிறவர் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், வரும்போது சந்தாவையும் கையோடு கொண்டுவந்தால் சரி.